கிட்ட வைத்துப் படியுங்கள் என்று சொன்னேன்

பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் பேச வேண்டும் என்று கேட்டபோது, பாடம் எப்படி நடத்துவது என்று மட்டும் கேட்காதீர்கள் என்றேன். அதற்குப் பயிற்சி வகுப்பு இருக்கிறது. என் காலத்துப் புத்தகங்களைவிட உங்கள் புத்தகங்கள் நன்றாகவும் இருக்கின்றன. நான் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு நான் செய்த தப்பையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தத் தப்பை நீங்களும் செய்வீர்கள். செய்யும்போது அது தப்பு மாதிரியே இருக்காது, பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பது போலத்தான் இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு, வேலைக்குப் பதிந்து வைத்துவிட்டு, திருவண்ணாமலையில் எங்கள் வீட்டில் சும்மா இருந்தேன். இருபத்திரண்டு வயது. அப்போது ஊர் ஊராக முதியோர் கல்வி மையங்கள் தொடங்கினார்கள். பெண்களுக்கான மையம் ஒன்று, மலையின் மறுபக்கத்து ஊரான அடி அண்ணாமலையில் எனக்குக் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை என்று உரக் கிடங்கை ஒட்டின ஓர் அறையைக் கொடுத்தார்கள். ஒரே ஜன்னல். யூரியா வாடை புடவையில் ஏறி வீடுவரைக்கும் வரும். மதியம் மூன்று மணிக்கு, கொல்லி என்று சொல்கிற புன்செய் நிலத்தில் வேலை முடித்துவிட்டு, கால் கழுவின ஈரத்தோடு பெண்கள் வருவார்கள். பதினெட்டுப் பேர்.

அதில் ஒருவர்தான் பச்சையம்மாள். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். புருஷன் இல்லை. மல்லாட்டை என்று அவர்கள் சொல்கிற வேர்க்கடலைக் கொல்லியில் களை எடுப்பது, கடலை பிடுங்குவது, விதைக்கு நல்ல பருப்பாகப் பார்த்துப் பொறுக்குவது என்று ஒரு மேஸ்திரியின் ஆட்களோடு சேர்ந்து வேலைக்குப் போவார். ஒரே மகன் ஏழுமலை. பதினாறு வயதில் சொல்லாமல் கொள்ளாமல் பம்பாய்க்குப் போய்விட்டான். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ கடிதம் போடுவான். தபால்காரர் அதை டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார். டீக்கடைக்காரர் ஊருக்கே கேட்கும்படி படிப்பார். பதிலையும் அவரே எழுதுவார்.

முதல் நாள் எல்லோரிடமும் எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று கேட்டேன். கையெழுத்துப் போட, பஸ் பார்த்து ஏற, சும்மா பார்த்துவிட்டுப் போக என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பச்சையம்மாள் மட்டும் என்னையே ஒரு கேள்வி கேட்டார்.

“எம்பையனுக்கு ஒரு கடுதாசி எழுதணும்மா. அதுக்கு எத்தினி நாளு ஆவும்?”

கடிதம்தானே, நீங்கள் சொல்லுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்றேன். பெரிய உதவி செய்வதாக எனக்கு நினைப்பு. அவர் தலையை ஆட்டினார்.

“வாணாம்மா. அத்த இன்னொருத்தர் கையில சொல்லி எழுத முடியாது.”

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் வேறு யாருக்கும் இல்லாத அவசரம் அவருக்கு இருந்தது. கரும்பலகையில் எழுதிப் போட்ட எழுத்துகளை எல்லோருக்கும் முன்னால் அவர்தான் பிடித்தார். கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, நான் எழுதி முடிப்பதற்குள் வார்த்தையைச் சொல்லிவிடுவார். மற்றவர்கள் ‘கொஞ்சம் சும்மா இரு பச்சை, நாங்களும் பாக்கறோம்’ என்பார்கள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அவரைப் பற்றித்தான் பேசுவேன்.

இரண்டு மாதம் கழித்துப் புத்தகங்கள் வந்தன. அன்றிலிருந்து அவர் பின்தங்கிப் போனார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பலகையில் படித்த அதே வார்த்தையைப் புத்தகத்தில் காட்டினால் விழித்தார். புத்தகத்தைக் கையை நீட்டி எங்கேயோ தூரத்தில் பிடித்துக்கொள்வார். எனக்கு அது அலட்சியமாகப் பட்டது. பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்து, புத்தகத்தை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து வைத்து, கிட்ட வைத்துப் படியுங்கள் அக்கா, அப்போதுதான் மனசில் நிற்கும் என்பேன். ஒரு தடவை இல்லை, தினமும். அவரும் மறுப்புச் சொல்லாமல் வைத்துக்கொள்வார். கொஞ்ச நாளில் தடங்கல் இல்லாமல் படிக்க ஆரம்பித்தார். நான் சொன்னது பலித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சமயத்தில் வேலூரிலிருந்து ஓர் அதிகாரி மையத்தைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. சரியாக நடக்காத மையங்களை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. வீட்டில் அந்த வேலையைத்தான் நம்பி இருந்தோம். அதிகாரி வந்து உட்கார்ந்து, யாராவது ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள் என்றதும், நன்றாகப் படிக்கக்கூடியவர் என்று பச்சையம்மாளை எழுப்பினேன்.

அவர் எழுந்து, புத்தகத்தைக் கிட்ட வைத்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாக ஒரு பாடம் முழுவதையும் படித்தார். அதிகாரிக்குத் திருப்தி. சும்மா ஓர் ஆர்வத்தில் எட்டிப் பார்த்தார். பச்சையம்மாள் பிடித்திருந்த பக்கத்தில் வேறு பாடம் இருந்தது.

பக்கத்துப் பெண்கள் வாய்விட்டுப் படிப்பதைக் காதில் வாங்கி, முழுப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

“இத்தனை நாளா என்னை ஏமாத்திட்டிருந்தீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அவ்வளவு பேர் எதிரில், என் அம்மா வயதில் இருக்கிற ஒருவரைப் பார்த்து.

பச்சையம்மாள் புத்தகத்தை மூடி, தரையில் வைத்தார். அது சரியாக நடுவில் இருக்கிறதா என்பது போல ஒரு தடவை நகர்த்தி வைத்தார். வெளியே போய்விட்டார். அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார்: “விடும்மா. வயசாயிடுச்சு இல்ல, இனிமே அவங்களுக்கு ஏறாது.” நான் ஆமாம் சார் என்று தலையாட்டினேன்.

திட்டினதைக்கூட ஆத்திரத்தில் வந்தது என்று ஒருநாள் மறந்திருப்பேன். அந்தத் தலையாட்டலை என்னால் மறக்க முடியவில்லை. மையம் தப்பித்தது. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘நின்றுவிட்டார்’ என்று எழுதினேன்.

அவரைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அறையிலிருந்து அவர் வீடு கூப்பிடு தூரம். தப்பு செய்தவர் அவர், அவரே வரட்டும் என்று இருந்துவிட்டேன். மூன்று வாரம் போனது.

ஒரு சனிக்கிழமை திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஒரு தூண் ஓரம், தலையில் கூடையோடு நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு பெரியவர் எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தவித்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டின் மறுகோடியில், புழுதியோடு ஒரு வண்டி உள்ளே திரும்பியது. என் கண்ணுக்கே போர்டு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

“அது கீழ்பென்னாத்தூர் போற வண்டி இல்ல பெரியவரே. வேட்டவலம்னு போட்டுக்கீது. நீங்க ஏறாதீங்க, அடுத்தது வரட்டும்” என்றார் பச்சையம்மாள்.

வண்டி கிட்ட வந்தது. வேட்டவலம்தான். அந்த வார்த்தை எங்கள் புத்தகத்தில் எங்கேயும் கிடையாது. அதை மனப்பாடம் செய்திருக்க முடியாது.

அவரிடம் போய், கையில் இருந்த ஒரு நோட்டீஸை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், நோட்டீஸை வாங்கினார். கையை நீட்டினார். இன்னும் நீட்டினார். முழங்கை விறைத்து நின்றது. தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார்.

“கை பத்தலம்மா” என்றார்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே தூண் ஓரம் உட்கார்ந்தோம். அவர் அப்போதுதான் சொன்னார். தூரத்தில் இருப்பது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, கிட்ட வந்தால் எறும்பு ஊர்வது போல இருக்கிறது, மூன்று நாலு வருஷமாகவே இப்படித்தான். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“உங்ககிட்ட சொன்னா நாலு பேருக்குத் தெரியும். கண்ணு போச்சுன்னு மேஸ்திரி காதுல விழுந்தா, வெத மல்லாட்ட பொறுக்க என்னை எப்பிடிக் கூப்புடுவாரு? தடவிப் பாத்துதாம்மா பொறுக்கறேன். இதுவரைக்கும் ஒரு சொத்தை போனது இல்ல.”

தினமும் அவர் கையைப் பிடித்துப் புத்தகத்தை முகத்துக்கு நேரே இழுத்து வைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. கிட்ட வைத்துப் படியுங்கள். தெரிகிற தூரத்திலிருந்து தெரியாத இடத்துக்கு நான்தான் எழுத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அவர் கையை நீட்டிப் பிடித்தபோது, ஏன் அக்கா அவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவரிடம் பேசியிருக்கிறேன்.

கடைத்தெருவில் ஒரு பாய் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அவர்கள் குடும்பத்துக் கடை அது. அன்றைக்கே அங்கே கூட்டிக்கொண்டு போனேன். பாய் ஒரு பழைய செய்தித்தாளைப் பச்சையம்மாள் கையில் கொடுத்து, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஜாஸ்தி இல்லை, கம்மி பவர்தான், நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் வருவது, இதற்கு ஏன் இந்த அம்மா குற்றவாளி மாதிரி நிற்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். நாலாவது கண்ணாடியில் பச்சையம்மாள் அசையாமல் நின்றுவிட்டார். செய்தித்தாளின் ஓரத்தில் இருந்த பொடி எழுத்தை வாய்க்குள் கூட்டிக் கூட்டிப் படித்தார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“ஏம்மா, உனக்கு மூக்காண்ட அம்மைத் தழும்பு கீதா? இத்தினி நாளா பாக்கலியே.”

அவர் என்னை ‘நீ’ என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். பாயும் நானும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மையத்துக்குத் திரும்பி வர அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அறைக்குள் இனிமேல் கால் வைக்க முடியாது என்றார். கண்ணாடி விஷயத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். இது எனக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. வகுப்பில் பெண்கள் அவர் பேச்சை எடுத்தால் ‘மனப்பாடக்காரி’ என்று கிண்டல் செய்வார்கள். உண்மையைச் சொன்னால் அவர் பேரைக் காப்பாற்றலாம், ஆனால் அவர் பிழைப்பு போகும். குப்பம்மாள் என்று ஒருவர், பச்சையம்மாளின் பக்கத்து வீட்டுக்காரர், கொல்லியிலும் அவரோடு வேலை செய்பவர், ஒருநாள் அப்படிச் சிரித்தபோது, அதில் தப்பு அவருடையது இல்லை, என்னுடையது என்று மட்டும் சொன்னேன். என்ன தப்பு என்று கேட்டார்கள். சொல்ல முடியவில்லை. நம்பாமல் பார்த்தார்கள். சரி, என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நம் வேலையில் சில நாள் இப்படித்தான். நம் மனசு லேசாகட்டும் என்பதற்காக அடுத்தவர் ரகசியத்தை வெளியே விடக்கூடாது.

பச்சையம்மாள் வகுப்புக்கு வரமாட்டார் என்பதால் நான் அவரைத் தேடிப் போனேன். மத்தியானம் ஆட்கள் கஞ்சி குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் படுக்கிற ஒரு மணி நேரத்தில், கொல்லிக் கோடியில் இருந்த பம்புசெட் கொட்டகைக்குப் பின்னால் அவர் வந்து உட்காருவார். மடியிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்வார். மோட்டார் சத்தத்தில் நாங்கள் படிப்பது யாருக்கும் கேட்காது. வெயிலில் மலை எதிரே நிற்கும். ஒன்றரை மாதம் அப்படிப் போனது. என் முப்பது சொச்சம் வருஷ வேலையில் எந்த நாளாவது திரும்பக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அதில் ஒரு மத்தியானத்தைத்தான் கேட்பேன்.

ஒருநாள் இன்லண்ட் லெட்டர் வாங்கி வரச் சொன்னார். அவர் எழுதும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் பார்க்கக்கூடாது. நான் தண்ணீர்த் தொட்டி ஓரம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். நாலு நாள் எழுதினார். நடுநடுவே ஒரு வார்த்தையை மட்டும் கேட்பார். ‘கிணறு’ என்பதற்கு எந்த ‘ண’. ஞாபகத்துக்கு ‘ஞா’ எப்படிப் போடுவது. ‘கோவம்’ என்று எழுதினால் கொம்பு முன்னாலயா, பின்னாலயா. நான் மண்ணில் எழுதிக் காட்டுவேன். பார்த்துக்கொண்டு காலால் அழித்துவிடுவார். நாலாம் நாள் எச்சில் தொட்டு ஒட்டிவிட்டு, பம்பாய் விலாசத்தை இங்கிலீஷில் எழுத வேண்டும் என்று நான் சொன்னதும் கொஞ்சம் வாடிப்போனார். பிறகு கடிதத்தை நீட்டினார்.

“வெளிய உன் கையால எழுது. உள்ள எனுது.”

பதில் வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் தபால்காரர் வருகிற நேரத்துக்குக் களை எடுக்கிற வரிசையில் அவர் மட்டும் நிமிர்ந்து பாதையைப் பார்ப்பார் என்று குப்பம்மாள் சொன்னார். எனக்கும் அதே கவலைதான். கடிதம் திரும்பி வந்துவிட்டால் என்ன சொல்வது? மகன் பதிலே போடாவிட்டால்? படிக்கக் கற்றுக்கொடுத்ததே கெடுதலாகப் போய்விடுமோ என்றுகூட நினைத்தேன்.

பொங்கல் கழிந்து ஒருநாள் நான் கொட்டகைக்குப் போனபோது, பிரிக்காத கடிதத்தோடு அவர் எனக்காகக் காத்திருந்தார். டீக்கடையில் கொடுக்க வேண்டாம் என்று தபால்காரரிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஓரம் கிழியாமல் பிரித்தார். வெகுநேரம் படித்தார். ஒரு தடவை உதடு அசைந்தது. முடித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து படித்தார். பிறகு மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். கன்னத்தைத் துடைத்துக்கொள்ளவே இல்லை, வெயில் காயவைக்கட்டும் என்பது போல.

என்னால் பொறுக்க முடியவில்லை. என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டேன்.

“நல்லாருக்கானாம்” என்றார். நான் மேலும் பார்த்துக்கொண்டிருக்கவே, கோபம் இல்லாமல், எனக்கு ஒரு விஷயத்தைப் புரியவைப்பது போலச் சொன்னார்: “மிச்சம் எங்க ரெண்டு பேருக்குள்ளம்மா.”

பஸ்ஸில் வரும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். அவ்வளவு தூரம் வெயிலில் நடந்தவள் நான், எனக்குக்கூடச் சொல்லவில்லையே என்று இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் புத்தி வந்தது. டீக்கடைக்காரர் இருந்த இடத்தில் என்னை உட்காரவைக்கவா அவர் எழுத்துக் கற்றார்? நான் தெரிந்துகொள்ள வேண்டியது இல்லை என்ற நிலைமைக்கு அவரைக் கொண்டுவருவதற்குத்தான் எனக்கு அந்த வேலை கொடுத்திருந்தார்கள். நீங்கள் கற்றுக்கொடுத்தவர்கள் உங்களிடம் எதையும் சொல்லாமல் போகிற ஒரு நாள் வரும். அன்றைக்கு வலிக்கும். வலித்தால் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

சித்திரையில் என்னைப் பத்து நாள் பயிற்சிக்கு வேலூருக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது பச்சையம்மாள் வீடு பூட்டியிருந்தது. மகன் வந்து பம்பாய்க்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். எல்லோரும் பஸ் ஏற்றிவிடப் போயிருக்கிறார்கள். குப்பம்மாள்தான் சொன்னார்.

“கண்டக்டரு டிக்கெட்டு குடுத்தாரு. அத்தினி பேரும் பாத்துகினு இருக்கச்சொல்ல, மடியிலேர்ந்து கண்ணாடிய எடுத்துப் போட்டுகினு, அதுல இருக்கிறத வாய்விட்டுப் படிச்சிச்சு. அப்பறம்தான் எங்களுக்குப் புரிஞ்சுது.” பிறகு, “போறதுக்கு முன்ன ரெண்டு வாட்டி வந்து உங்க ரூமு தெறந்துகீதான்னு பாத்துட்டுப் போச்சு” என்றார்.

நான் அவரை மறுபடி பார்க்கவில்லை.

பிறகு மையம் மூடியது, வேறு திட்டம் வந்தது. எண்பதுகளில் நான் மேற்பார்வையாளராகி, கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஊர்களைப் பார்த்துக்கொண்டேன். எந்த ஊரில் மையம் தொடங்கினாலும் முதல் நாள், புத்தகத்தைக் கையில் கொடுத்து, உங்களுக்குத் தோதான தூரத்தில் பிடியுங்கள் என்று மட்டும் சொல்வேன். எத்தனை கைகள் நீளும் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். மையத்துக்கு வேண்டிய சாமான்கள் பட்டியலில் பலகை, சுண்ணக்கட்டி, விளக்கு இவற்றோடு மூக்குக் கண்ணாடியையும் எழுதி மேலே அனுப்புவேன். அதை மட்டும் அடித்துத் திருப்பி அனுப்புவார்கள். அடுத்த வருஷமும் எழுதுவேன். நீங்களும் எழுதுங்கள்.

ஏழுமலையை ஊருக்கு வரவழைத்த அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று இப்போது நான் யோசிப்பது இல்லை. எனக்கு வேறு ஓர் ஆசை இருக்கிறது. கொட்டகையில் விலாசம் எழுதிப் பழகுவதற்காக எங்கள் வீட்டு விலாசத்தைத்தான் எழுதச் சொன்னேன். கதவு எண் முதற்கொண்டு பார்க்காமல் எழுதுவார். அதனால் பம்பாயிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வரும் என்று முதல் வருஷம் நம்பினேன். அப்புறம் வந்தாலும் வரலாம் என்று இருந்தேன். இருந்தால் அவருக்கு எண்பதுக்கு மேல் ஆகியிருக்கும். ஓய்வு பெற்றதும் நாங்கள் வேறு தெருவுக்குக் குடிவந்துவிட்டோம். வருவதற்கு முன்னால், பழைய வீட்டுக்குக் குடிவந்தவர்களிடமும் அந்தத் தெருத் தபால்காரரிடமும் புது விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். பின்பு தபால்காரர் மாறினார். புதிதாக வந்தவரிடமும் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.